அடுக்களையை அளந்த அம்மையார்



கட்டடக் கலைஞர் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? வானை முட்டும் மாடிகள், பெரிய மண்டபங்கள், பளிங்குத் தூண்கள். பெரிய கட்டடம் கட்டியவர் பெரிய கலைஞர் என்பது நம்முடைய எண்ணம். ஆனால், இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகும் கலைஞர் உலகப் புகழ் பெற்றது ஓர் அடுக்களையால். அந்த அடுக்களையின் அகலம் ஏறக்குறைய 6 அடி. நீளம் 11 அடி. அவ்வளவுதான். அதைக் கட்டியவர் ஒரு பெண். அவருடைய பெயர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. திருமணத்திற்குப் பிறகு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்று அழைக்கப்பட்டார். பெயர் நமக்குப் புதிது. அவர் எடுத்துக்கொண்ட கவலை நமக்குப் புதிதன்று. நாள் முழுவதும் வெளியே உழைத்துவிட்டு, வீடு திரும்பிய பிறகு அடுப்படியில் இரண்டாம் வேலை தொடங்கும் பெண்களைப் பற்றிய கவலை அது.

மார்கரெட்டே 1897-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். தந்தை அரசாங்க ஊழியர். குடும்பம் வசதிக்குக் குறைவில்லாத நடுத்தரக் குடும்பம். 1915-ஆம் ஆண்டில் மார்கரெட்டே வியன்னாவின் கைவினைக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். கட்டடக் கலையைப் படிக்க விரும்புவதாகச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் தடுத்தார்கள். ஒரு பெண்ணை நம்பி வீடு கட்டக் கொடுப்பார் யார் என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் காலத்தில் தாமே அதை நம்பவில்லை என்று பிற்காலத்தில் அம்மையாரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் படித்தார். ஆஸ்திரியாவில் கட்டடக் கலையைத் தொழிலாகக் கொண்ட முதல் பெண்களுள் ஒருவரானார்.

நேயர்களே, அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஓர் ஆசிரியர் சொன்ன அறிவுரை. 1917-ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புக்கு வரைபடம் வரையும் போட்டி ஒன்று நடந்தது. மார்கரெட்டே அதில் கலந்துகொள்ள விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஆஸ்கர் ஸ்டிர்னாட் என்பவர். வரைவதற்கு முன்னால் தொழிலாளர்கள் வாழும் பகுதிகளுக்குப் போய், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து வா என்று அவர் சொல்லி அனுப்பினார். மார்கரெட்டே போனார்.

அங்கே அவர் கண்டது என்ன? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வியன்னாவின் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் அடுக்களையுமாக வாழ்ந்தன. தண்ணீர்க் குழாய் வெளியே நடைபாதையில் இருக்கும். கழிவறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். சமைப்பது, துணி துவைப்பது, உண்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் ஒரே இடத்தில். இரவில் அதே இடத்தில் சிலர் படுத்துக்கொள்வார்கள். அடுப்புப் புகையும் ஈர ஆவியும் சுவரெல்லாம் படிந்திருக்கும். காசநோய் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்? அந்நோயை வியன்னா நோய் என்றே அக்காலத்தில் அழைத்தார்கள். அம்மையாரையும் 1924-ஆம் ஆண்டு அதே நோய் பிடித்தது. மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று மீண்டார்.

அந்தப் போட்டியில் அவருக்குப் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் கிடைத்தது. இனித் தம்முடைய தொழில் யாருக்காக என்பதை அவர் அப்போதே முடிவு செய்துகொண்டார்.

போர் 1918-இல் முடிந்தது. வியன்னா நகரம் பட்டினியால் வாடியது. வீடில்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நகருக்கு வெளியே இருந்த வெற்று நிலங்களில் குடியேறின. மண்ணைக் கொத்திக் காய்கறி பயிரிட்டன. கோழியும் ஆடும் வளர்த்தன. கையில் கிடைத்த பலகைகளைக்கொண்டு குடிசை போட்டன. பிறகு அந்த மக்கள் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் உடலுழைப்பைத் தந்து, ஒருவருக்கொருவர் உதவி, முறையான வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கட்டி முடிக்கும்வரை எந்த வீடு யாருக்கு என்று சொல்லாமல் வேலை வாங்கிய சங்கங்களும் உண்டு. அப்படியானால்தானே எல்லா வீட்டையும் தம் வீடு போலக் கருதிக் கட்டுவார்கள்!

இந்தக் குடியேற்ற மக்களுக்கு உதவ வந்தவர்களுள் அடால்ஃப் லூஸ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர். கட்டடங்களில் வீண் அலங்காரம் கூடாது என்று வாதிட்டவர் அவர். சுவரில் பூவேலை செய்வதற்குச் செலவாகும் உழைப்பும் பணமும் வீண் என்பது அவருடைய கொள்கை. மார்கரெட்டே அவரோடு சேர்ந்து பணி செய்தார்.

நவீனக் கட்டடக் கலை என்று நாம் சொல்வது இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. அதன் கருத்தை எளிமையாகச் சொன்னால் இப்படிச் சொல்லலாம்: வீடு என்பது பகட்டுக்கு அன்று, வாழ்வதற்கு. வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், சுத்தம் வேண்டும். கதவு, சன்னல், அலமாரி ஆகியவற்றை ஒரே அளவில் தொழிற்சாலையில் செய்தால் செலவு குறையும்; செலவு குறைந்தால் ஏழைக்கும் நல்ல வீடு கிடைக்கும்.

அம்மையார் அப்போது கருவீடு என்ற ஒரு முறையை வகுத்தார். முதலில் சிறிய வீடு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். குடும்பம் பெருகும்போதும் கையில் காசு சேரும்போதும் அதே வீட்டோடு அறைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பின்னால் சேர்க்கப்போகும் அறைக்கு இடம் எங்கே என்று முதல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் கட்டியதை இடிக்க வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டு வியன்னா நகர மன்றத்தின் முன்னால் நடந்த கண்காட்சியில் இத்தகைய வீடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இனி, நேயர்களே, புகழ்பெற்ற அந்த அடுக்களைக்கு வருவோம்.

ஜெர்மனியில் பிராங்பர்ட் என்ற நகரம். அங்கேயும் போருக்குப் பின் கடுமையான வீட்டுப் பஞ்சம். நகராட்சி 1925-இல் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, வீடு கட்டும் முழுப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தது. இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1923-இல் ஜெர்மானியப் பணம் அடியோடு மதிப்பிழந்தது. பழைய வீட்டுக்காரர்கள் பட்டிருந்த கடனெல்லாம் அந்தப் பண வீழ்ச்சியில் கரைந்துவிட்டது. உழைக்காமல் கிடைத்த அந்த ஆதாயத்தின் மீது அரசாங்கம் ஒரு வரி விதித்தது. அந்த வரிப் பணத்தில் ஒரு பங்கு புதிய வீடுகளுக்குப் போனது. 1925 முதல் 1930 வரை பிராங்பர்ட்டில் ஏறத்தாழ 12,000 வீடுகள் எழும்பின.

எர்ன்ஸ்ட் மே, மார்கரெட்டே அம்மையாரின் வேலையைப் பற்றி அறிந்தவர். 1926-ஆம் ஆண்டு அவரைப் பிராங்பர்ட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் பொருந்தக்கூடிய அடுக்களை ஒன்றை வகுக்கும் பணி அம்மையாரிடம் வந்தது.

அவர் எப்படித் தொடங்கினார்? அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பெண்மணி வீட்டு வேலையைப் பற்றி எழுதிய நூல் ஒன்று ஜெர்மன் மொழியில் வெளிவந்திருந்தது. தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. அதே அளவை வீட்டு வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பது அந்நூலின் கருத்து. அடுப்பிலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி? தண்ணீரிலிருந்து அலமாரிக்கு எத்தனை அடி? ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு பெண் எத்தனை தடவை குனிகிறாள், எத்தனை தடவை நிமிர்கிறாள், எத்தனை தடவை வந்த வழியே திரும்பிப் போகிறாள்? இவற்றையெல்லாம் அம்மையார் அளந்தார். நேரத்தைக் கணக்கிட்டார்.

இரயில் வண்டியின் சாப்பாட்டுப் பெட்டியிலுள்ள சமையலறையையும் அவர் ஆராய்ந்தார். ஓடும் வண்டியில், ஒருவர் திரும்புவதற்கே இடம் போதாத சிறு கூண்டுக்குள், பத்துப் பேருக்கும் இருபது பேருக்கும் எப்படிச் சமைத்துப் பரிமாற முடிகிறது? ஒவ்வொரு பொருளும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால்தானே! அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அந்த அடுக்களைக்குள் நாமும் ஒருமுறை நுழைந்து பார்ப்போம். 1.90 மீட்டர் அகலம், 3.40 மீட்டர் அளவுக்கு நீளம். கோடியில் ஒரு பெரிய சன்னல். சன்னலுக்குக் கீழே வேலை செய்யும் பலகை. அதன் முன்னால் சுழலும் முக்காலி. காய் நறுக்கும் வேலையை நின்றுகொண்டே செய்ய வேண்டியதில்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யலாம். பலகையிலேயே ஒரு திறப்பு. தோலையும் தண்டையும் அதில் தள்ளினால், கீழே இருக்கும் இழுப்பறையில் விழும். பிறகு அந்த இழுப்பறையை உருவி எடுத்துக்கொண்டு போய்க் குப்பையைக் கொட்டிவிடலாம்.

ஒரு பக்கம் எரிவாயு அடுப்பு. அடுப்புக்கு மேலே புகையையும் ஆவியையும் வெளியேற்றும் கூண்டு. பக்கத்தில் வெப்பம் காக்கும் பெட்டி ஒன்று. காலையில் கொதிக்கவைத்த பாத்திரத்தை அதற்குள் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனால், உள்ளே இருக்கும் சூட்டிலேயே உணவு மெல்ல வெந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போகும் தாயை மனத்தில் வைத்தே அந்தப் பெட்டி அங்கே வைக்கப்பட்டது. துணி தேய்க்கும் பலகை சுவரோடு மடிந்திருக்கும். வேண்டும்போது கீழே இறக்கலாம். வேலை முடிந்ததும் தூக்கி மாட்டிவிடலாம். விளக்கும் அப்படித்தான். கூரையில் அதை நகர்த்தி, வேலை நடக்கும் இடத்திற்குக் கொண்டுவரலாம்.

எதிர்ப்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி. கழுவிய தட்டுகளைச் செருகி வைக்க மரச்சட்டம். தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். ஒவ்வொரு தட்டையும் துணியால் துடைக்கும் வேலை மிச்சம். அருகில் வரிசையாக அலுமினியப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி, முனையில் கொட்டும் வாய். அரிசி, சர்க்கரை, பருப்பு என்று பெயர் எழுதியிருக்கும். பெட்டியை இழுத்துப் பாத்திரத்தில் நேராகக் கொட்டலாம். கரண்டி தேட வேண்டியதில்லை. மாவு வைக்கும் இழுப்பறையை மட்டும் கருவாலி மரத்தில் செய்தார். அந்த மரத்தில் இயற்கையாகவே இருக்கும் துவர்ப்புச் சத்து மாவுப் புழுவை அண்டவிடாது. அலமாரிக் கதவுகளுக்கு நீலப் பச்சை வண்ணம் பூசினார். ஈ நீல நிறத்தில் உட்காராது என்பது அக்காலத்துக் கருத்து.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில் பக்கவாட்டில் தள்ளும் அகலமான கதவு. அதைத் திறந்து வைத்தால் கூடத்தில் விளையாடும் பிள்ளைகளைத் தாய் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு உள்ள தூரம் 3 மீட்டருக்கு மேல் போகாதபடி அமைத்தார்.

இதுதான் பிராங்பர்ட் அடுக்களை. பலகை, அலமாரி, தொட்டி எல்லாம் வீட்டோடு சேர்ந்தே வந்தன. குடிவருகிறவர்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதன் செலவு வீட்டு வாடகையோடு சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இந்த அடுக்களை அமைந்தது. இன்று உலகின் பல நாடுகளில், சுவரோரமாக நீண்ட மேடையும், அதற்குக் கீழும் மேலும் அலமாரிகளுமாக நாம் காணும் அடுக்களைகளுக்கு இதுவே முன்னோடிகளுள் முதன்மையானது.

சரி, குறையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அதையும் சொல்வதுதான் நியாயம்.

முதற்குறை வாடகை. இந்த வீடுகள் தொழிலாளர்களுக்காகத் திட்டமிடப்பட்டவை. ஆனால், மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களால் வாடகையைக் கட்ட முடியவில்லை. கைத்தொழில் தேர்ந்த தொழிலாளர்களும் எழுத்தர்களும்தான் பெரும்பாலும் குடிவந்தார்கள். ரோமர்ஷ்டாட் என்ற குடியிருப்பில் சமையலும் மின்சாரத்தில்தான். அங்கே மின்கட்டணம் அதிகம் என்று மக்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஏழைக்கு என்று தொடங்கிய நல்ல காரியம் ஏழையின் கைக்கு எட்டாமல் அரைவழியில் நின்றுவிடுவது எல்லா நாட்டிலும் உண்டுதானே.

இரண்டாவது குறை பழக்கத்தைப் பற்றியது. அடுக்களையில் கூடி உட்கார்ந்து உண்டு பேசி வாழ்ந்தவர்கள் அந்த மக்கள். இந்தப் புதிய அடுக்களையிலோ ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். மகள் உதவிக்கு வந்தால் இடம் போதாது. சிலர் அந்தச் சிறு இடத்திற்குள்ளேயே ஒரு மேசையைத் திணித்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது குறை இன்னும் ஆழமானது. 1970-களில் பெண்ணுரிமை பேசியவர்கள் இதை எழுப்பினார்கள். அடுக்களையை ஒருவருக்கு மட்டும் என்று அளந்து கட்டியதால், சமையல் பெண் ஒருத்தியின் வேலை என்பதை உறுதிப்படுத்திவிட்டீர்களே என்று அவர்கள் கேட்டார்கள். கணவன் நுழைய இடமில்லாத அடுக்களையில் கணவன் எப்படி உதவுவான்?

இதற்கு அம்மையாருடைய நிலை என்ன? பெண் வெளியே போய் உழைக்க வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். வீட்டு வேலை அதற்குத் தடையாக நிற்கக்கூடாது. ஆகவே அதைச் சுருக்கிக் கொடுத்தால் படிக்கவும், ஓய்வெடுக்கவும், பிள்ளைகளோடு இருக்கவும் நேரம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. தொழிற்சாலையில் நேரத்தை மிச்சப்படுத்தினால் அது முதலாளிக்குப் போகிறது. வீட்டில் மிச்சப்படுத்திய நேரம் அந்தப் பெண்ணுக்கே போக வேண்டும் என்று அவர் எண்ணினார். அப்படிப் போனதா, வேறு வேலையாக அவள் தலையிலேயே திரும்பி விழுந்ததா என்பது ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இன்னொரு செய்தி உங்களை வியக்க வைக்கும். பெண் ஒருவர் பெண்களுக்காக வகுத்த அடுக்களை என்றே நகராட்சி இதை விளம்பரப்படுத்தியது. ஆனால், அதை வகுக்கும்வரை தாம் குடும்பம் நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை என்று அம்மையார் பின்னால் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அவருக்கு அந்த அறிவைத் தந்தது பிறப்பு அன்று. பார்த்ததும், கேட்டதும், அளந்ததும்தான். அப்படியானால், ஓர் ஆண்மகனும் மனம் வைத்தால் இந்த வேலையின் பாரத்தை அறிந்துகொள்ளலாம் அல்லவா?

1927-இல் அவர் உடன் பணியாற்றிய கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் ஷூட்டேயை மணந்தார். 1930-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் மேயின் குழுவோடு இருவரும் சோவியத் நாட்டுக்குப் போனார்கள். மாக்னிதோகோர்ஸ்க் போன்ற புதிய தொழில் நகரங்கள் அங்கே எழும்பிக்கொண்டிருந்த நேரம். அம்மையார் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கான காப்பகங்களையும் பாலர் பள்ளிகளையும் திட்டமிட்டார். 1937-இல் அந்நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1938-இல் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரத்தில் நுண்கலைக் கழகத்தில் பணி கிடைத்தது. அங்கே கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரி வரைபடங்கள் வரைந்தார்.

இதற்குள் ஆஸ்திரியா நாடு ஹிட்லரின் கைக்குள் போய்விட்டது. இஸ்தான்புல்லில் பத்திரமாக இருந்திருக்கலாம். நல்ல வேலை, நல்ல சம்பளம். ஆனால், அம்மையார் அப்படி இருக்கவில்லை. ஹெர்பர்ட் ஐஷோல்சர் என்ற கட்டடக் கலைஞர் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து மறைவாகப் பாடுபட்டவர். அவருடைய தொடர்பு கிடைத்தது. அம்மையார் ஆஸ்திரியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, எதிர்ப்பு இயக்கத்திற்குத் தூது செல்ல ஒப்புக்கொண்டார். 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் வியன்னாவுக்குப் புறப்பட்டார்.

சில வாரங்கள்தான். 1941 ஜனவரி 22-ஆம் நாள் இரகசியப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் அவருக்கு 44-ஆவது பிறந்தநாள். வழக்கில் அவருக்கு மரண தண்டனை கேட்கப்பட்டது. தீர்ப்பு 15 ஆண்டுச் சிறையாக முடிந்தது. அவருடைய தோழர் ஐஷோல்சர் 1943 ஜனவரியில் கொல்லப்பட்டார். அம்மையார் ஜெர்மனியில் ஐக்காக் என்ற ஊரின் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் 29-ஆம் நாள் அமெரிக்கப் படை அந்தச் சிறையின் கதவுகளைத் திறந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த அவர் உயிரோடு வெளியே வந்தார்.

நாட்டுக்காகச் சிறை சென்றவரை நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. 1947-இல் வியன்னாவுக்குத் திரும்பிய அவர், தம்முடைய அரசியல் கொள்கையைக் கைவிடவில்லை. அதன் காரணமாக அரசாங்கக் கட்டடப் பணிகள் அவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தன. போரில் இடிந்துபோன நகரம். கட்ட வேண்டிய வீடுகளோ ஆயிரக்கணக்கில். ஆயிரக்கணக்கான வீடுகளைத் திட்டமிட்ட அனுபவசாலி ஒருவர் அதே நகரில் வேலைக்குக் காத்திருந்தார். கிடைத்த சில பணிகளுள் இரண்டு பாலர் பள்ளிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று 1950-களின் தொடக்கத்திலும், மற்றொன்று 1960-களின் தொடக்கத்திலும் கட்டப்பட்டன.

காலம் மெல்லத் திரும்பியது. 1980-இல் வியன்னா நகரம் அவருக்குக் கட்டடக் கலைப் பரிசு வழங்கியது. 1985-இல் தம்முடைய எதிர்ப்பு இயக்க நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1988-இல் ஆஸ்திரிய அரசாங்கம் கலைக்கும் அறிவியலுக்குமான உயர்ந்த விருதை அறிவித்தது. அதை வழங்க வேண்டியவர் நாட்டின் அதிபர் குர்ட் வால்ட்ஹைம். ஹிட்லரின் படையில் அவர் பணியாற்றிய காலத்தைப் பற்றிப் பெரும் சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 91. அவருடைய கையால் விருது பெற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் பதவியிலிருந்து இறங்கிய பின்னர், 1992-இல்தான் அந்த விருதை ஏற்றுக்கொண்டார்.

1997-இல் நூறாவது பிறந்தநாள் விழா. வியன்னா நகர முதல்வரோடு சேர்ந்து அந்த மூதாட்டி நடனமாடினார்! 2000-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், 103 வயது நிறைவதற்கு ஐந்து நாள்கள் இருக்கும்போது, அம்மையார் காலமானார்.

எங்கே போனாலும் அடுக்களையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்களே என்று முதுமையில் அவர் சலித்துக்கொண்டதுண்டு. அவர் குடியிருப்புகள் கட்டினார், பள்ளிகள் கட்டினார், கொடுங்கோலை எதிர்த்துச் சிறை சென்றார். ஆனாலும், அந்தச் சிறு அடுக்களைதான் அவர் பெயரைச் சொல்கிறது. வியன்னா, இலண்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் அது வைக்கப்பட்டிருக்கிறது. பிராங்பர்ட்டின் ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் எர்ன்ஸ்ட் மே பெயரால் அமைந்த நினைவு இல்லத்திலும் அதைக் காணலாம்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

வீட்டு வேலை என்பதும் வேலைதான். அதற்கும் கால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, நேரம் செலவாகிறது. பொழுது விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளைகளை அனுப்பி, பால்மரக் காட்டுக்கோ செம்பனைத் தோட்டத்துக்கோ போய் உழைத்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு மூட்டிய தாய்மாரை நாம் எல்லாரும் அறிவோம். வெளியே செய்த வேலைக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது, எடை இருந்தது, கூலி இருந்தது. வீட்டுக்குள் நடந்த நடைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. இந்தக் கட்டடக் கலைஞர் அதை வேலை என்று மதித்து, அளவுகோலை எடுத்துக்கொண்டு அதனருகில் போய் நின்றார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து காய் நறுக்கும் இடத்துக்கு, அங்கிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து அரிசிப் பானைக்கு என்று நடக்கும் வழியெல்லாம் நூலை இழுத்துப் பாருங்கள். எத்தனை முழம் என்று அளந்து பாருங்கள். பானையை இரண்டு அடி நகர்த்தி வைப்பதால், ஒரு பலகையை இடுப்பு உயரத்துக்கு அடித்துக் கொடுப்பதால், மிளகாய், உப்பு, புளி டப்பாக்களை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவருவதால், காசு செலவில்லாமல் பாதி நடையைக் குறைத்துவிடலாம். ஒரு முக்காலி போதும், முழங்கால் வலிக்கு இடமில்லாமல் காய் நறுக்க.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், வாங்கிய வீட்டைத் திருத்திக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். முன்கூடத்துத் தரைக்கும், வாசல் கதவுக்கும் பணத்தையெல்லாம் செலவிட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சிய மூலையை அடுக்களைக்கு ஒதுக்காதீர்கள். தச்சரையும் கொத்தனாரையும் கூப்பிடுவதற்கு முன், அங்கே நிற்கப்போகும் அம்மாவிடமோ மனைவியிடமோ கேளுங்கள். பலகை எந்த உயரம், சன்னல் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே என்று அவர்கள் சொல்லட்டும். அந்த அடுக்களையில் இரண்டு பேர் நிற்க இடமும் விடுங்கள். அந்த இரண்டாவது ஆள் வீட்டுத் தலைவராகவும் இருக்கட்டும், மகனாகவும் இருக்கட்டும்.

பெற்றோரே, உங்கள் மகள் பள்ளியில் கோடு போட்டுப் படம் வரைவதில் ஆசை காட்டினால், கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தால், இது பெண்ணுக்கு ஏற்ற தொழிலா என்று கேட்டு அவளைத் தடுக்காதீர்கள். வியன்னாவில் அன்று எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். மார்கரெட்டே அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அளவுகோலை எடுத்து வேலையைத் தொடங்கினார்.